மேஜிக் தி கேதரிங்: மறிப்பவர் கையில் சண்டை

திருகோணமலை உவர்மலையில் தம்பிமாரோடு இந்த மேஜிக் சீட்டாட்டத்தைத்தான் இப்போது விளையாடுகிறோம். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ஆட்டம். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, குறைந்தது 60 சீட்டுள்ள ஒரு கட்டு.

எனக்குப் பிடித்தது சண்டைதான். தாக்குகிறவர் எந்த டிராகனை, எந்தப் பூதத்தை அனுப்புவது என்று மட்டும் சொல்லலாம். எதை எதால் மறிப்பது என்பது மற்றவரின் முடிவு. மந்திரம் போடச் சக்தி தருவது நிலச் சீட்டுகள், பயன்படுத்தியதைச் சரித்து வைப்போம். அவர் சரிக்காமல் விட்டிருக்கிற நிலச் சீட்டுகளையும் கவனிக்க வேண்டும், கையில் ஒரு மந்திரச் சீட்டு காத்திருக்கலாம். அந்த யோசனையே பெரிய சுகம்!

ஒரு குறை இருக்கு. நிலச் சீட்டு வராவிட்டால் எவ்வளவு நல்ல கட்டும் முடங்கிவிடும். எரிச்சல்தான்.

புதியவர்கள் விலை கூடின சீட்டுகளுக்கு ஓடாமல் ஒரே நிறத்தில் கட்டு அடுக்குங்கள். திருமலையில் யாராவது விளையாடுகிறீர்களா? சனி பின்னேரம் வாங்கோ, மேலதிகக் கட்டு இருக்கு.