டாக்டர் ஹூ: காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய தொடர்

டாக்டர் ஹூவின் பழைய அத்தியாயங்களை முதன்முதலாகப் பார்க்கிற யாரும் செட்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கி, 1989இல் நின்று, 2005இல் மறுபடி எழுந்த தொடர் இது; காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டர் என்பவரின் கதை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். கதாநாயகர் சாகும் தறுவாயில் வேறு உடம்பு எடுத்துக்கொள்வார் என்ற உபாயத்தை 1966இல் கண்டுபிடித்தார்கள். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் போய் பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். இத்தனை வருட ஓட்டத்துக்கு அதுதான் காரணம் என்று எல்லோரும் எழுதியாயிற்று. செட்டு, சவம் போகட்டும். சத்தத்தைக் கேளுங்கள், மக்கா. அதில் இன்றுவரை ஆட்டம் இல்லை.

முகப்பு இசையின் மெட்டு ரான் கிரெய்னருடையது. அதைச் சத்தமாக்கியது பிபிசிக்கு விசேஷ ஒலிகள் செய்துகொடுத்த ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் இருந்த டீலியா டெர்பிஷயர், உடன் டிக் மில்ஸ். கீபோர்டு சிந்தசைசர் எதுவும் கிடையாது. ஒற்றைக் கம்பியை மீட்டியோ மின் அலையாக்கிக் கருவியை ஒலிக்கவிட்டோ பதிவு செய்வது, டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து வேண்டிய சுருதிக்குக் கொண்டுவருவது, பிளேடால் வெட்டி ஒட்டுவது. ஒவ்வொரு சுரத்துக்கும் இதே வேலை. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை விநாடிச் சுரம் என்றால் ஏழரை அங்குலத் துண்டு. கால் அங்குலம் பிசகினாலும் தாளம் தப்பும். பல தடங்களை ஒரே டேப்பில் பதியும் வசதியும் இல்லாததால் தனித்தனி டேப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். எங்கோ ஒரு சுரம் தவறியபோது டேப்புகளை நீள நடைக்கூடத்தில் பக்கம் பக்கமாக விரித்து, ஒட்டுகள் எங்கே விலகுகின்றன என்று கண்ணால் தேடினார்கள். இசையமைப்பில் டீலியாவுக்கும் பங்கு தர வேண்டும் என்று கிரெய்னரே கேட்டும் பிபிசி விதிமுறை இடம் தரவில்லை. திரையில் டீலியா பெயர் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையில். அவர் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டு.

டாக்டரின் பயண வாகனமான டார்டிஸ் புறப்படும் அந்த இழுப்புச் சத்தம் பிரையன் ஹாட்ஜ்சனின் வேலை. பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பியில் வீட்டுச் சாவியை வைத்து இழுத்து, பதிவை முன்னும் பின்னுமாக ஓட்டி, எதிரொலி சேர்த்தார். நம் ஊரிலும் செய்து பார்க்கலாம். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் இல்லாத ஊர் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குறைவு. ஆறாவது கம்பி போதும். கழற்றி எறியப் போகிற பழைய கம்பியாக இருக்கட்டும், சாவி பட்டால் சுற்றுக்கம்பி தேயும். அந்தச் சுற்றுதான் விஷயமே: சாவியின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் தட்டி ஏறுவதால்தான் அந்தக் கரகரப்பு. முதல் கம்பி வழவழப்பாக இருப்பதால் அதில் வராது.

சாவியைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூன்று நான்கு விநாடிக்கு ஒரே சீராக இழுக்க வேண்டும். வேகம் கூடினால் கீச்சென்று போகும்; அழுத்தம் குறைந்தால் விசில்தான் மிஞ்சும். போனைக் கிட்டாரின் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பேச்சுப் பதிவுக்கான இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கரகரப்பையே இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தைப் பாதியாக்கி, ஒரு நகலைத் திருப்பிப் போட்டு முதல் பதிவோடு ஒட்டி, எதிரொலி சேர்க்க வேண்டியதுதான். ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். பாதி வேகத்தில் 41. போன் ஸ்பீக்கரில் அது கேட்காது, ஹெட்போன் வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு என்றால் ஆடி மாதம் இந்த வேலை வேண்டாம். மைக்கில் காற்று மட்டும்தான் பதிவாகும்.

டாக்டரின் எதிரிகளான, தகரக் கூட்டுக்குள் இருக்கும் டாலெக்குகளின் குரல் இன்னும் எளிது, ஆனால் பெரும்பாலானோர் கோட்டைவிடுவதும் இதில்தான். நடிகரின் குரலை ரிங் மாடுலேட்டர் என்ற கருவியில் 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கினார்கள். 200 ஹெர்ட்ஸில் பேசினால் 170, 230 என்று இரண்டு வரும். அசல் 200 காணாமல் போகும். அதனால்தான் மனுஷக் குரலின் சாயல் அறுந்து தகரக் குரலாகிறது. பலர் ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவைப் போட்டுவிட்டு ஏன் சரியாக வரவில்லை என்கிறார்கள். அதில் அசல் குரல் தங்கிவிடுகிறது, நடுக்கம் மட்டும்தான் வரும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். அதன் முனகலும் இதேபோல் இரண்டாக உடைந்து அடியில் உருளும். பேசும்போது சொல்லை அசை அசையாக, ஒரே சுருதியில், கடைசி அசையை உயர்த்திச் சொல்ல வேண்டும். கருவி பாதி, வாய் பாதி.

டாலெக்கின் தலை விளக்கும் இதில் சேர்த்திதான். பழைய தொடரில் உள்ளே உட்கார்ந்து காலால் உந்துபவர் ஒருவர், வெளியே மைக்கில் பேசுபவர் இன்னொருவர். உள்ளே இருப்பவர் வசனத்துக்கு ஏற்ப விளக்கை மின்னவிட வேண்டியிருந்தது. பிசகினால் நான்கு டாலெக்கில் எது பேசுகிறது என்றே தெரியாது.

அறுபதுகளின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படம் இன்று இல்லை. வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் பிபிசி அழித்து மறுபடி பயன்படுத்தியது. சில, வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளாகத் திரும்பி வந்தன; 2013இல் வெளியான ஒன்பதும் நைஜீரியாவில் கிடைத்தவை. ஆனால் ஒலி ஒன்றுகூடத் தொலையவில்லை. ரசிகர்கள் வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருந்தார்கள்.

டாக்டரோடு எப்போதும் ஒரு துணை ஏன் என்று கேட்பவர்களுக்கு, கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருந்தால் பதில் தெரியும். புலவர் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஆமா போட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று எடுத்துக் கொடுப்பார். கதை நகர்வதும் கூட்டம் நம்புவதும் அந்த ஆமாவால். 2008இல் வந்த ‘மிட்நைட்’ என்ற அத்தியாயம் அந்த ஆளை எடுத்துவிடுகிறது. துணை வேறிடத்தில் இருக்க, டாக்டராக வரும் டேவிட் டென்னன்ட் ஒரு வண்டிக்குள் முன்பின் தெரியாத பயணிகளோடு தனியாக மாட்டிக்கொள்கிறார். இவர் நல்லவர் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசும் இதுதான். வண்டியைத் தாக்கும் வேற்றுயிரைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். எல்லாம் பயணிகளில் ஒருவராக வரும் லெஸ்லி ஷார்ப்பின் வாயில் நடக்கிறது: முதலில் மற்றவர் பேச்சைத் திருப்பிச் சொல்கிறார், பிறகு கூடவே சொல்கிறார், அப்புறம் முந்திக்கொண்டு சொல்கிறார். சப்டைட்டில் வேண்டாம். யார் வாய் முந்துகிறது என்பதைக் காதுதான் பிடிக்க வேண்டும். எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த இடம் கையை விட்டுப் போய்விடும்.