முந்நூற்று ஓராவது பர்ஸ்

மகளின் திருமணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு சிறிய துணிப் பர்ஸும் கொடுக்க வேண்டும் என்று என் மனைவி முடிவெடுத்தது 2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். பாரிமுனையில் விசாரித்தபோது ஒன்று 40 ரூபாய் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மைத்துனர், “பாங்காக்கில் இது பதினைந்து பாட்தான் மாப்பிள்ளை, நம்ம பணத்துக்கு முப்பது ரூபாய். நான் அடுத்த வாரம் போகிறேன், நீங்களும் வாங்க” என்றார்.

அவர் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் பறந்துபோய்ப் பெட்டி நிறையச் சரக்கோடு திரும்புகிறவர்களைக் குருவி என்று அழைப்பது நம் ஊர் வழக்கம் என்றாலும், அந்தச் சொல்லை அவர் காதுபடச் சொன்னால் இரண்டு நாளைக்குப் பேசமாட்டார். என் மீது அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கிய காரணம், விமானத்தில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது. என் பயணச்சீட்டில் 20 கிலோ பெட்டி அனுமதி இருந்தது. பர்ஸ்கள் ஒன்பது கிலோவைத் தாண்டாது. மிச்சம் பதினொரு கிலோவுக்கு அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

பாங்காக்கில் இறங்கியதும் விசாவுக்கு 2,000 பாட் கட்டிவிட்டு, மறுநாள் காலை சாவ் பிரயா ஆற்றில் படகேறி, ராட்சவோங் துறையில் இறங்கிச் சாம்பெங் சந்துக்குப் போனோம். சீனர்கள் வாழும் பகுதியின் நடுவே ஓடும் அந்தச் சந்து, நம் பாரிமுனைக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவைப் பாதியாக மடித்ததுபோல இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்கவே இடம் போதாத அந்த வழியில் சரக்கு வண்டியும் மோட்டார் சைக்கிளும் வந்துகொண்டே இருந்ததால், முதல் ஒரு மணி நேரத்தை நான் பெரும்பாலும் கடைகளுக்குள் ஒதுங்குவதிலேயே கழித்தேன். ஒதுங்கிய கடைகளிலெல்லாம் ஏதாவது வாங்குவேன் என்று எதிர்பார்த்தார்கள் என்பது தனிக்கதை.

அங்கே பேரம் பேச மொழி தேவையில்லை. கடைக்காரர் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார். நாம் அதை வாங்கி நம் விலையைத் தட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். யானைப் படம் போட்ட பர்ஸ் டஜனுக்கு 180 என்று அந்த அம்மாள் காட்டினார். மைத்துனர் என் காதில் “நூற்றிருபது போடுங்க” என்றார். நான் முந்தைய எண்ணை அழிக்காமல் மிகுந்த உறுதியோடு தட்டி நீட்டினேன். திரையில் 180120 என்று இருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தலையை ஆட்டி “ஓகே, ஓகே” என்றார். சந்து முழுக்கச் சிரித்து முடித்த பின்னர் 150-க்குப் படிந்தது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் குறைத்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன். தன் திறமையால்தான் என்று மைத்துனர் நம்புகிறார்.

இருபத்தைந்து டஜன், ஆக முந்நூறு. ஆனால் மனைவி சொல்லி அனுப்பியது 301. மங்கல காரியத்துக்கு ஒற்றைப்படைதான் ஆகிவரும் என்பது அவள் கட்சி. டஜனைப் பிரிக்க முடியாது, ஒன்று மட்டும் வேண்டுமானால் சில்லறை விலை 25 பாட் என்று கால்குலேட்டர் சொன்னது. வாழ்க்கையில் முதல்முறையாக மொத்த வியாபாரச் சந்தைக்குப் போய் ஒரே ஒரு பொருளைச் சில்லறையில் வாங்கினேன். வெளியே வந்து கூட்டிப் பார்த்தால், பர்ஸ் விலையில் மிச்சமானது ஏறக்குறைய 4,500 ரூபாய்; டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் ஆனது 18,000. இந்தக் கணக்கை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மைத்துனரும் நானும் படகிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். அன்பளிப்புகளும் சேர்த்து அப்போது 50,000 ரூபாய் வரை வரியில்லை என்று தெரிந்திருந்தும் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. “இத்தனை பர்ஸ் யாருக்கு?” என்று அவர் கேட்டதும், கைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, வழக்கப்படி இரண்டு கைகளாலும் நீட்டி, “அவசியம் குடும்பத்தோடு வரணும்” என்று சொல்லிவிட்டேன். அவரும் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். முகூர்த்த நேரம் வரை பொறுமையாகப் படித்த பிறகு, பில்லைப் பார்த்து, “இருபத்தைந்து டஜன் சரி, இந்த ஒன்று எதற்கு?” என்றார்.

“மொய்யில் நூறோடு ஒரு ரூபாய் வைப்பதில்லையா சார், அதுபோல” என்றேன். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை, பெட்டியை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தில் முந்நூறும் தீர்ந்துபோயின. சில்லறையில் வாங்கிய அந்த ஒன்றில்தான் என் மாமியார் இப்போது வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பாவும் வைத்திருக்கிறார்.