இடுப்பளவு பார்த்து எடுத்த படகு

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் கோழிக்கோடு போய், அங்கிருந்து பேருந்தில் கோடஞ்சேரி சென்று இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஆனால் பாக்குத் தோப்புகளுக்கு அப்பால் ஓடும் சாலிப்புழையின் இரைச்சல், மழை இன்னும் பெய்துகொண்டிருப்பதாகவே எண்ண வைத்தது. துஷாரகிரி அருவிகளின் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் கூடி இந்த ஆறாகின்றன. இது இருவஞ்ஞிப்புழையில் கலக்க, அது சாலியாற்றோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கோடையில் பாறைகளுக்கிடையே கணுக்கால் அளவுக்குச் சுருங்கிவிடும் இந்த நீர், தென்மேற்குப் பருவமழை வலுத்த பிறகு, கால்களை உள்ளே நீட்டி அமர்ந்து துடுப்பு போடும் சிறு படகான கயாக்கை ஓட்டுவோர் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் வெள்ளமாக மாறுகிறது. 2013 முதல் மலபார் ஆற்றுத் திருவிழா என்ற பெயரில் இங்கே நடக்கும் கயாக் போட்டிகளுக்கு வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் போட்டி பார்க்கப் போகவில்லை. திருவிழாவுக்கு முன்பே போய், எனக்கு ஏற்ற படகும் கருவிகளும் எவை என்பதைத் தண்ணீரில் இறங்கித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஐந்து நாள் விடுப்பு எடுத்திருந்தேன்.

அப்படிப் போக வேண்டிய கட்டாயம் அதற்கு முந்தைய ஆண்டு ரிஷிகேஷில் ஏற்பட்டது. சிவபுரியிலிருந்து ரிஷிகேஷை நோக்கி வரும் கங்கையில் 'கோல்ஃப் கோர்ஸ்' என்று அழைக்கப்படும் பாய்ச்சலில், இரண்டாவது அலை என் மடிமீது விழுந்த கணத்தில் படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் விரிப்பான ஸ்ப்ரே டெக் படகின் விளிம்பிலிருந்து கழன்றுகொண்டது. வாடகைக்குக் கொடுத்த கடையில் அந்தப் படகின் வாய்க்கு, அதாவது ஓட்டுபவர் உட்காரும் திறப்புக்குப் பொருந்தாத, ஓர் அளவு பெரிய டெக்கைக் கொடுத்திருந்தார்கள். கரையில் அதை மாட்டியபோது சிரமமில்லாமல் உட்கார்ந்ததை நான் வசதி என்று நினைத்துவிட்டேன். படகின் பின்பகுதியில் காற்றுப்பையும் இல்லை. ஏறத்தாழ முந்நூறு லிட்டர் கொள்ளளவுள்ள படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், அது கிட்டத்தட்ட முந்நூறு கிலோ எடையோடு ஆற்றின் வேகத்திலேயே பாறைகளை நோக்கிப் போகும் ஒரு பொருளாகிவிடுகிறது. படகைவிட்டு வெளியே வந்து நீந்திக் கரையேறினேன்; படகைப் பிடித்து ஒதுக்குவதற்குத்தான் உடன் வந்த மூவரும் வெகுநேரம் போராடினார்கள். பனிமலையிலிருந்து இறங்கி வரும் அந்தத் தண்ணீரின் குளிர் மாலைவரை விரல்களை விட்டுப் போகவில்லை.

கோடஞ்சேரியில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட வயதில் இளையவர். கொட்டகையில் அடுக்கியிருந்த ஒன்பது படகுகளில் நான் நிறத்தையும் தயாரிப்பாளர் பெயரையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அண்ணா, படகுல ஏறி உக்கார்றதுன்னு நெனைக்காதீங்க, செருப்பு மாதிரி மாட்டிக்கிறதுன்னு நெனைங்க. உங்க எடை என்ன, அத சொல்லுங்க முதல்ல" என்றார். ஒவ்வொரு படகுக்கும் தயாரிப்பாளர் ஓர் எடை வரம்பு குறிப்பிடுகிறார். ஓட்டுபவரின் எடை அந்த வரம்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். கீழ்க்கோடியில் விழுந்தால் படகு தக்கை போல மிதந்து சொன்னபடி திரும்பாது, மேல்கோடியில் விழுந்தால் ஒவ்வோர் அலைக்குள்ளும் முங்கி முங்கி எழும். அங்கிருந்த டேகர் நிறுவனத்தின் மாம்பா வகைப் படகில் 8.1, 8.6 என்று இரண்டு அளவுகள் இருந்தன. ஏறக்குறைய எட்டடி ஓரங்குலம், எட்டடி ஆறங்குலம் என்று நீளத்தைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் இரண்டுக்குமிடையே கூடும் கொள்ளளவுதான் உண்மையில் முக்கியம். 68 கிலோ எடையுள்ள எனக்குச் சிறியதே போதுமானதாக இருந்தது.

ஆற்றுக்குத் தகுந்த வடிவம் என்று ஒன்றும் இருக்கிறது. கங்கை போன்ற அகன்ற, ஆழமான ஆற்றில் அலைமேல் வழுக்கி விளையாடத் தட்டையான அடிப்பாகமும் கூரான ஓரங்களும் கொண்ட படகுகள் இன்பம் தருபவை. ஆறடிக்குச் சற்றே கூடக்குறைய இருக்கும் பிளேபோட் அதன் உச்சம். சாலிப்புழையோ ஒடுங்கிய ஆறு. வண்டி அளவுப் பாறைகளுக்கிடையே படிப்படியாக விழுந்து, ஒவ்வொரு படியின் அடியிலும் ஒரு சுழியை வைத்திருப்பது. இங்கே கூரான ஓரம் குறுக்கு நீரோட்டத்தில் மாட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் படகு கவிழ்கிறது. அதனால் உருண்ட அடிப்பாகமும், நிறைந்த கொள்ளளவும், படியிலிருந்து விழும்போது மூக்கு முங்காதபடி மேல்நோக்கி வளைந்த முனைகளும் கொண்ட கிரீக் போட் வகைதான் ஏற்றது என்பதை முதல் நாளே இரண்டையும் ஓட்டிப் பார்த்து உணர்ந்தேன். கற்கத் தொடங்கும் ஒருவர் அழகிய சிறு படகைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாம் நாள் காலை முழுவதும் தண்ணீரில் இறங்கவில்லை. கொட்டகைத் திண்ணையில் படகை வைத்து, உள்ளே அமர்ந்து, அளவைச் சரிசெய்வதிலேயே மூன்று மணி நேரம் போனது; அந்தப் பயணத்தில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்தத் திண்ணையில்தான். முதலில் பாதங்கள்: முன்னாலுள்ள தடுப்புப் பலகையில் குதிகாலும் முன்பாதமும் சமமாகப் பதிய வேண்டும், முழங்கால் மடங்கி மேலுள்ள தொடைப்பிடிக்குள் தானாகப் போய் அடங்க வேண்டும். அடுத்து முதுகுப்பட்டை, குனிந்தால் தடுக்காத அளவுக்கு இறுக்கம். கடைசியாக இடுப்பு. என் இடுப்பெலும்புக்கும் இருக்கைச் சுவருக்கும் இடையே இருபுறமும் உள்ளங்கை தாராளமாக நுழையும் இடைவெளி இருந்தது. நுரைத்தகட்டைக் கத்தியால் அரையங்குலப் பட்டைகளாக அறுத்து, இடுப்பின் வளைவுக்கேற்ப ஓரத்தைச் சரிவாகச் சீவி, இடப்புறம் இரண்டும் வலப்புறம் மூன்றும் செருகி நாடாவால் ஒட்டினோம். வலப்புறம் ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது, நான் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே உட்காருவதால். அதன்பின் வலது முழங்காலை லேசாகத் தூக்கியதும், உடம்பு நேராக இருக்கப் படகு மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது. ரிஷிகேஷில் ஓட்டிய படகுக்குள் நான் குடத்துக்குள் போட்ட கூழாங்கல்லைப் போல உருண்டுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போனால் தடுப்புப் பலகையை ஒரு துளை முன்னுக்கு, படகின் மூக்குப் பக்கமாக நகர்த்த வேண்டும். தலைகீழாகக் கவிழ்ந்த நிலையில் முழங்கால்களைத் தளர்த்தியதும் உடல் வழுக்கி வெளியே வர வேண்டும். இதை அமைதியான மடு ஒன்றில் நான்கு முறை செய்து பார்த்த பிறகே பயிற்சியாளர் ஓட்டத்துக்குள் என்னை விட்டார்.

ஸ்ப்ரே டெக்கைப் பற்றி நான் அதிகம் எழுதுவதற்கு என் அனுபவமே காரணம். அதற்கு இரண்டு அளவுகள் உண்டு: ஒன்று ஓட்டுபவரின் இடுப்புக்கு, மற்றொன்று படகின் வாய்க்கு. இரண்டாவதைத்தான் பலரும் கேட்பதில்லை. சரியான அளவுள்ள நியோப்ரீன் ரப்பர் டெக்கைக் காய்ந்த நிலையில் மாட்டுவதே கடினம். நனைத்துக்கொண்டு, பின்புறம் முதலில் பொருத்தி, முழங்கையால் ஓரங்களை அழுத்தியபடி முன்புறத்தை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டியபின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாலும் விளிம்பு விட்டுவிடக் கூடாது. முன்பக்கத்திலுள்ள இழுவைக் கயிறு எப்போதும் வெளியே கிடக்க வேண்டும். அது உள்ளே மடிந்துவிட்டால், கவிழ்ந்த படகுக்குள்ளிருந்து டெக்கைத் திறப்பது மிகவும் கடினமாகிவிடும். கரையிலிருந்து தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தக் கயிற்றை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அந்த ஐந்து நாளில் எனக்கு ஊறிவிட்டது.

துடுப்பில் நான் செய்திருந்த தவறு நீளம். ஏரியில் ஓட்டிப் பழகிய 220 செ.மீ. துடுப்பு பாறைகளுக்கிடையே தட்டியது. வெள்ள ஆற்றுத் துடுப்புகள் பெரும்பாலும் 190 முதல் 205 செ.மீ. வரைதான். என் உயரத்துக்கு 197 சரியாக அமைந்தது. இரண்டு தகடுகளும் ஒன்றுக்கொன்று 30 பாகை திரும்பியிருந்த அந்தக் கண்ணாடியிழைத் துடுப்பு மணிக்கட்டைச் சோர்வடையச் செய்யவில்லை. கார்பன் துடுப்பு எடை குறைவுதான், ஆனால் பாறையில் ஊன்றித் தள்ளும் கற்றுக்குட்டிக் கைகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், தலையை உலுக்கினால் நகரக் கூடாது. இருசக்கர வாகன ஹெல்மெட் தண்ணீரை உறிஞ்சிக் கனப்பதால் உதவாது. மிதவைச் சட்டையின் பட்டைகளை இறுக்கியபின் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்க, அது தாடைவரை ஏறினால் அளவு தவறு. காலுக்குக் கட்டும் ரப்பர் காலணியும் வேண்டும். கேரளத்து மழைநீரில் குளிர் தாக்காததால் கங்கைக்குத் தேவைப்படும், நீர் உள்ளே புகாத உலர்மேலாடையை இங்கே நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மீட்புக்கு எறியும் மிதக்கும் கயிற்றுப்பை வைத்திருப்பவர் கத்தியும் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஓடும் நீரில் கயிறு யாரை வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் மாலை, மூன்று படிகளாக விழும் ஒரு பாய்ச்சலில் இரண்டாவது படியின் சுழி என்னைக் கவிழ்த்தது. முழங்கால்கள் தொடைப்பிடியை விடவில்லை, டெக்கும் விடவில்லை. இரண்டாவது முயற்சியில் இடுப்பைச் சுண்டி நிமிர்ந்தபோது படகு என்னோடு சேர்ந்தே எழுந்தது. படகுக்குள் ஒரு குவளைத் தண்ணீர்கூட இல்லை.

ஊர் திரும்பியதும் ஹெல்மெட், மிதவைச் சட்டை, அந்தப் படகின் வாய்க்கு ஏற்ற டெக் ஆகிய மூன்றையும் சொந்தமாக வாங்கினேன். படகை வாங்கவில்லை, ஆண்டுக்குச் சில வாரங்களே ஓட்டும் எனக்கு வாடகைப் படகு போதும். நாடாவைப் பிரித்து எடுத்த ஐந்து நுரைப்பட்டைகளிலும் இடம், வலம் என்று பேனாவால் எழுதி, அடுத்த ஜூலைக்காகப் பையின் அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.