மருந்து ஏறும் நேரம்

பிப்ரவரி 3

டாக்டர் மாத்திரை வேளைகளை மறுபடியும் மாற்றியிருக்கிறார். என் பார்க்கின்சன் நோய்க்கான மருந்து லெவோடோபா; அதைப் போட்டால் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஏறினபிறகு கொஞ்ச நேரம் நடை, பேச்சு எல்லாம் என் சொல்படி கேட்கும். அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். முன்பெல்லாம் இறங்குவது தெரியாது. இப்போது நன்றாகவே தெரிகிறது. புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு போட்டால் மருந்து ஏறுவதும் தாமதமாகும், குடலில் இரண்டுக்கும் ஒரே வாசலாம்.

ஒன்பது மணிக்கு நான் ஜோக் சொல்ல மேடை ஏறும் நிகழ்ச்சி என்றால் எட்டுக்கு மாத்திரை. கணக்கு எளிது. ஆனால் உலகத்தில் எந்த நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்பது என்று சொல்லி ஒன்பதுக்கு ஆரம்பித்திருக்கிறது? பார்வையாளர்கள் உட்கார்ந்து, மைக் டெஸ்ட் முடிந்து, தொகுப்பாளர் தன் பங்குக்கு அறுத்து முடிப்பதற்குள் என் மூளையில் மாத்திரை தந்த டோபமைன் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது.

பிப்ரவரி 9

பார்க்கின்சன் என்றால் எல்லோருக்கும் கை நடுக்கம்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு நடுக்கம் பெரிய தொல்லை இல்லை. கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் ஆடும், மைக்கை எடுக்கப் போனால் அடங்கிவிடும். பிடித்தபடி சில நொடி நின்றால் மெல்லத் திரும்பும். அதற்குத்தான் ஸ்டாண்டு இருக்கிறதே.

பிழைப்பில் கைவைத்தது முகம். தசைகள் இறுகி, கண் சிமிட்டுவதுகூடக் குறைந்துபோய், உள்ளே குதூகலமாக இருக்கும்போதும் கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போலவே இருக்கிறது என் முகம். நான் முகத்தை வைத்து வாழ்ந்தவன். கோபக்கார மேனேஜர், தூங்கி வழியும் காவலாளி எல்லோரும் வசனமே இல்லாமல் என் புருவத்தில் வந்துபோவார்கள்.

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னப் பையனாகக் குடும்பத்தோடு மேடை ஏறிய காலத்திலேயே, தான் சிரிக்காவிட்டால் கூட்டம் அதிகம் சிரிக்கிறது என்று கண்டுகொண்ட ஆள். ஆனால் முகம் சும்மா இருக்க, மொத்த உடம்பும் ஓடி, விழுந்து, தாவி வேலை செய்தது. எனக்கு அந்த வசதியும் இல்லை. மிச்சம் இருப்பது சொல் ஒன்றுதான்.

எனவே பழைய செட்டை, அதாவது மேடையில் வரிசையாகச் சொல்லும் ஜோக்குகளை, பிரித்து எழுதுகிறேன். மேனேஜரிடம் லீவு கேட்கும் பிட்டில், 'சார், ரெண்டு நாள் லீவு' என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைக் காட்டுவேன், அவ்வளவுதான், அரங்கம் சிரிப்பில் அதிர்ந்துவிடும். இன்று அந்த முகத்துக்குப் பதிலாக ஒரு வரி கிடைத்தது: 'அவர் பார்த்த பார்வையில், சரி சார், ஒரு கிட்னி மட்டும் கொடுங்க போதும்னு சொல்லிட்டேன்.' பரவாயில்லை. புருவத்துக்கு ஈடாகாது.

பிப்ரவரி 10

பேச்சுப் பயிற்சி. கத்துங்கள் என்கிறார் பயிற்சியாளர். கத்தினேன். பதிவைப் போட்டுக் காட்டினார்: சாதாரணமாகப் பேசுகிற குரல். குரல் சன்னமாகிவிட்டது, அது என் காதுக்குத் தெரியவில்லை. என் மனைவி பல மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவளும் சன்னமாகச் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 17

பிரெஞ்சு நாடகாசிரியரும் நடிகருமான மோலியேர் செத்துப்போன நாள். 1673, பாரிஸ். நுரையீரல் நோய் முற்றிய நிலையில் அவர் போட்டிருந்த வேடம், நோயே இல்லாமல் தன்னை நோயாளி என்று நம்பி மருத்துவர்களுக்குக் கொட்டிக்கொடுக்கும் ஒருவன். நாலாவது ஆட்டம். நடுவில் இழுப்பு வர, அதை ஒரு சிரிப்பால் மறைத்தார் என்கிறார்கள். ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார், அன்றிரவே போய்விட்டார். வயது 51.

மேடையிலேயே உயிரை விட்ட கலைஞன் என்று இதைக் கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். முதலில், அவர் மேடையில் சாகவில்லை. இன்னொன்று, இன்று நடிக்க வேண்டாம் என்று தடுத்தவர்களிடம் அவர் கலையைப் பற்றிப் பேசவில்லை, நாள்கூலியை நம்பியிருக்கும் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாராம். இதை நான் நம்புகிறேன். குழு நடத்தியவன் பேசுகிற பேச்சு அது.

பிப்ரவரி 25

நேற்று முதல்முறை மேடையில் சொன்னேன். செட்டின் நடுவில், 'எனக்குப் பார்க்கின்சன்' என்றேன். அடுத்த வரி நகைச்சுவை. அதைச் சொல்லவே விடவில்லை. கைதட்டினார்கள். எழுந்து நின்றுகூட ஒருவர் தட்டினார். நல்ல மனிதர்கள்தான், ஆனால் கைதட்டலுக்கு நடுவே ஒரு பஞ்ச்சைச் சொல்லிப் பாருங்கள், அது அநாதையாக நிற்கும். அதற்கப்புறம் வந்த சிரிப்பு எல்லாம் அரை நொடி தாமதம். சிரிக்கலாமா என்று தங்களையே கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிக் நொட்டாரோ 2012 ஆகஸ்ட் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மேடை ஏறி, வணக்கம் சொன்ன கையோடு எனக்குப் புற்றுநோய் என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கூட்டத்தையும் விசாரித்தார். நோய் தெரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தைரியம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் தெரிவது தொழில். முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டால், பரிதாபம் தீர்ந்துபோக மீதி நேரம் முழுக்க இருக்கிறது. நடுவில் சொன்னால் அதுவரை சிரித்தவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

கனடாவின் நகைச்சுவைக் கலைஞர் நார்ம் மெக்டொனால்ட் வேறு ரகம். ஒன்பது வருஷம் புற்றுநோயோடு இருந்தார், 2021 செப்டம்பரில் இறந்தபிறகுதான் ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் 2011லேயே அவர் ஒரு ஜோக் சொல்லியிருந்தார்: நாம் செத்தால் அதே நொடியில் புற்றுநோயும் சாகிறது, அது எப்படித் தோல்வி ஆகும், டிரா அல்லவா? சொல்லாமல் இருந்ததால் கடைசிவரை அவருக்குக் கிடைத்தது கலப்படமில்லாத சிரிப்பு. எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. என் நோய் எனக்கு முன்னால் மேடை ஏறிவிடுகிறது.

மார்ச் 2

ஸ்காட்லாந்து நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலி. கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து மேடைக்கு வந்தவர். ஹோட்டல் வரவேற்பறையில் அவர் நடப்பதைப் பார்த்த ஒரு மருத்துவர்தான் இது பார்க்கின்சன் போலிருக்கிறது, போய்க் காட்டுங்கள் என்று சொன்னார். 2013ல் வெளியே அறிவித்தார், அப்புறமும் சில வருஷம் ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார். கதைக்குள் கதை புகுந்து எங்கே விட்டோம் என்று தேடுவது நோய்க்கு முன்பே அவருடைய பாணி. அதனால் நிஜமாகவே மறந்தபோதும் கூட்டம் பாணி என்றே எடுத்துக்கொண்டிருக்கும். கொடுத்துவைத்தவர்! நான் இம்மி பிசகாமல் எழுதி வைத்துச் சொல்கிறவன்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை. 1979 பதிவில் தனக்கு வந்த மாரடைப்பை மேடைத் தரையில் விழுந்து நடித்துக் காட்டிய உடம்பு அது. 1986ல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குரல் மெலிந்து, நிகழ்ச்சி செய்தார். ஆனாலும் செய்தார் பாருங்கள்: ஓடியாடிய பிட்டுகளை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடி சொல்ல முடிகிறதை மட்டும் சொன்னார். புருவம் இல்லாத செட்டை எழுத எனக்கு அவரிடம் கற்க நிறைய இருக்கிறது.

மார்ச் 8

இனி என்னை முதல் ஆளாக ஏற்றுங்கள் என்று கேட்டேன். முதல் ஆள் என்பது புதுசுகளுக்குத் தள்ளிவிடுகிற இடம், கூட்டம் அப்போதுதான் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும். ஒருங்கிணைப்பாளர் சங்கடப்பட்டார், மாத்திரைக் கணக்கைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். கடைசி இடம் வழக்கமாக முதலில் ஏறும் பையனுக்குப் போனது. 'அண்ணா, நிஜமாவா?' என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். என் கை ஆடுகிறதா அவன் கை ஆடுகிறதா என்று தெரியவில்லை.

மேடை ஓரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் சமயங்களுக்காக, ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு கோடு என்று தரையில் டேப் ஒட்டச் சொன்னேன். சும்மா நட என்றால் நகராத கால், கோட்டைத் தாண்டு என்றால் தாண்டுகிறது. முதல் வரியே பார்க்கின்சன். கைதட்டினார்கள், தட்டி முடிக்கும்வரை நின்றேன். கிட்னி வரிக்கு வந்தபோது தாமதமில்லாமல் சிரித்தார்கள். அந்த இடத்தில் வேகமாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

பையன் கடைசியில் ஏறி நன்றாகச் சொதப்பினான். முடிவாக வரவேண்டிய ஜோக்கை நடுவில் வைத்திருக்கிறான், சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. நாளை காலை வரச் சொல்லியிருக்கிறேன், மாத்திரை ஏறினபிறகு.