பயிற்சிப் பாடங்களை மூடுலுக்கு மாற்றிய அனுபவம்

எங்கள் பணியாளர் பயிற்சிக்கான கற்றல் மேலாண்மை மென்பொருளின் உரிமம் முடிவடையவிருந்ததால், பாடங்கள் அனைத்தையும் மூடுல் (Moodle) என்னும் அதேவகை மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி, 2002இல் முதல் பதிப்பு வெளியான இந்தத் திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்பதே மேலாளர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது. சர்வரை யார் பராமரிப்பது என்று எவரும் கேட்கவில்லை.

பயனர் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகவும், வினாக்களை கிஃப்ட் என்னும் எளிய உரை வடிவிலும் ஏற்றுவது விரைவில் முடிந்தது. சிக்கல், பாடமும் கற்றல் மென்பொருளும் தகவல் பரிமாறும் முறையை வரையறுக்கும் ஸ்கார்ம் (SCORM) தரத்தின் 1.2 பதிப்பில் அமைந்த பாடத்தொகுப்புகளில்தான் எழுந்தது. பாதியில் வெளியேறிய ஒருவர் மீண்டும் நுழையும்போது, குறும்பாடங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர, நீண்ட பாடங்கள் மட்டும் முதல் பக்கத்துக்கே திரும்பின. கற்பவர் நிறுத்திய இடம், அதுவரை அளித்த விடைகள் ஆகியவற்றைச் சேமிக்க அந்தத் தரம் 4,096 எழுத்துகளை மட்டுமே அனுமதிக்கிறது. பழைய மென்பொருள் இந்த வரம்பைப் பொருட்படுத்தாமல் மிகுதியையும் சேமித்து வந்ததால், பாடங்களின் குறை இத்தனை காலமும் வெளியே தெரியவில்லை. ஸ்கார்ம் 2004 தரத்தின் பிந்தைய பதிப்புகளில் வரம்பு பெரிது என்றாலும், மூடுல் அதை முழுமையாக ஆதரிப்பதில்லை. எனவே தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் அமைப்பை மூடுலின் நிர்வாகப் பகுதியில் அணைத்துவிட்டு, மிக நீண்ட பாடங்களை இரண்டாகப் பிரிக்கச் செய்தேன். பிரித்த பாடங்களைக் கற்பவர்கள் விரும்பியது எதிர்பாராத ஆதாயம்.

அடுத்து, நிறைவுப் பதிவு. ஸ்கார்ம் 1.2இல் 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' என்னும் இரண்டையும் கற்பவரின் நிலையைக் குறிக்கும் ஒரே புலம் சுமக்கிறது. தேர்வுள்ள பாடங்கள் தேர்ச்சியை மட்டும் அனுப்பியதால், நிறைவு நிபந்தனையில் இரண்டு நிலைகளையும் குறிக்க வேண்டியிருந்தது. மேலும், பாடநெறியின் நிறைவை மூடுல் குறித்த இடைவெளியில் பின்னணியில் தானாக இயங்கும் கிரான் (cron) பணியின் வழியே கணக்கிடுவதால், அதை நிமிடத்துக்கு ஒருமுறை இயங்குமாறு அமைத்த பின்னரே "முடித்தும் காட்டவில்லையே" என்ற மின்னஞ்சல்கள் குறைந்தன.

பழைய நிறைவுப் பதிவுகளை உண்மையான தேதிகளுடன் புதிய தளத்துக்குள் கொண்டுவர எளிய வழி கிடைக்கவில்லை. தணிக்கையாளர்கள் கேட்பது தேதியைத்தான் என்பதால், மதிப்பெண்களை மட்டும் மூடுலின் மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றி, முழு வரலாற்றையும் தனிக் கோப்பாக மனிதவளத் துறையிடம் ஒப்படைத்தோம். செல்லுபடிக்காலம் மீதமுள்ள சான்றிதழ் வைத்திருப்போரை, அக்காலம் முடியும்வரை கட்டாயப் பாடங்களில் சேர்ப்பதில்லை என்றும் எழுத்தில் முடிவாயிற்று.