உம் சத்தம் நின்ற காலை

இன்று விடியற்காலை, காட்பாடி வீட்டின் மாடி அறையில் நானே கட்டிய ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் மேல் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். மூன்று வாரமாக என்னை விடாத அந்த 'உம்' சத்தம் இல்லை.

ஒலியைப் பெருக்கும் டிடிஏ2030 ஐசி இரண்டு, 12-0-12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள், எல்லாம் சரியாகவே இருந்தன. தவறு ஒரு ஒயரில் இருந்தது.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஏசியை டிசியாக்கும் டயோடுகளைத் தாண்டியபின் கெப்பாசிட்டர்கள் நொடிக்கு 100 முறை சார்ஜ் ஆகின்றன. அந்த மின்னோட்டம் பாயும் கிரவுண்டு (எல்லாவற்றுக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட்) ஒயரிலேயே, பாட்டு உள்ளே வரும் இன்புட்டின் கிரவுண்டையும் பற்றவைத்திருந்ததால், அந்தத் துடிப்பும் பாட்டோடு சேர்ந்து பெருகி வந்தது.

இன்புட்டுக்குத் தனி ஒயர் இழுத்து, எல்லாக் கிரவுண்டுகளையும் ஒரே புள்ளியில் சேர்த்தேன். ஈயம் உருகி, செம்பு இழைகளுக்குள் மெல்ல இறங்கி, ஆறிய பின்னும் பளபளப்பு மாறாமல் நின்றது.

(ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது; அதற்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் நடுவே, மின்சாரம் கடத்தாத மைக்கா தாளை வைக்க மறக்காதீர்கள். வேலூர் வெயிலுக்கு ஹீட் சிங்க் பெரிதாகவே இருக்கட்டும்.)

கடையில் வாங்கிய பெட்டியில் பாட்டை மட்டுமே கேட்டு வந்த நான், சொந்தமாகக் கட்டத் தொடங்கிய பிறகுதான் பாட்டுக்கு முன்னால் இருக்கும் அமைதியையும் கவனித்துக் கேட்கிறேன்.

"இன்னும் ஆன் பண்ணலையாப்பா?" என்று கீழிருந்து அம்மா கேட்டார்.

அரை மணி நேரமாக அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.