கொட்பேயிலிருந்து பேலியகொடைக்கு: மீனின் குளிர் எங்கே தொலைகிறது

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தைக்கு மீன் ஏற்றத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது லொறியைத்தான். பெட்டி எத்தனை அடி, கூலர் என்ன மேக், எவ்வளவுக்குக் குளிர் இறங்கும் என்றெல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், ஆனால் கடைசியில். கூலர் லொறி மீனைக் குளிராக்காது. குளிர்ந்த மீன் சூடேறாமல் பார்ப்பதற்குத்தான் அது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 28 பாகை செல்சியஸில் இருக்கும் 3 தொன் மீனைப் பூச்சியத்துக்கு இறக்க ஏறத்தாழ 84 கிலோவாட் மணித்தியால வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். நடுத்தர லொறியின் கூலர் 4 கிலோவாட் எடுக்கும் என்று வைத்தாலும் 21 மணித்தியாலம் வேண்டும். பேலியகொடை 260 கிலோமீற்றர். லொறிக்கு 7, 8 மணித்தியாலம். அதிலும் கூலரின் பாதிச் சக்தி சுவரால் ஊறிவரும் சூட்டுக்கே போய்விடும். அதே வேலையை 900 கிலோ ஐஸ் கரையிலேயே முடித்துவிடும். காற்று மீனைத் தொடுவதற்கும், உருகும் ஐஸ் தண்ணீர் மீனைத் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

ஆகவே முழுக் கவனமும் மீன் கரைக்கு வந்த முதல் இரண்டு மணித்தியாலத்தில் இருக்க வேண்டும். ஒருநாள் படகுகள் காலையில் வரும். லொறி புறப்படுவது பின்னேரம். பேலியகொடையில் வியாபாரம் சூடுபிடிப்பது நடுச்சாமம் தாண்டித்தான் என்பதால் அதற்கு முன் போய் நின்று பயனில்லை. நடுவில் கிடக்கும் பகல் பொழுதில்தான் மீன் கெடுகிறது. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் வாடிக்குள்ளேயே (கரையோரக் கொட்டில்) 35 பாகையைத் தொடும். கரைவலை மீனை மணலில் குவித்துவிட்டுக் கடல் தண்ணீர் தெளிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தத் தண்ணீரே 28, 29 பாகை. மீன் பளபளப்பாகத் தெரியும், குளிராது.

சூரை, கெலவல்லா (மஞ்சள் செட்டைச் சூரை), கும்பிளா, சாளை ஆகியவற்றில் இந்தத் தாமதம் வேறு வகையில் ஆபத்தானது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. செவுளிலும் குடலிலும் இருக்கும் பக்டீரியாக்கள் சூட்டில் பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, மணமும் குறையில்லாமல் இருக்கும் மீனிலும் ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம். சாப்பிட்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும். சமைத்தாலும் அது போகாது, உறையவைத்தாலும் போகாது. பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் உருவானதைத் திருப்பி எடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் எல்லை, ஒரு தொகுதியிலிருந்து எடுக்கும் 9 மாதிரிகளின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராம். எந்த மாதிரியும் 200 ஐத் தாண்டக் கூடாது. 28 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் கிடந்த மீன் செத்து 6 மணித்தியாலத்துக்குள் ஐஸுக்குள் போயிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. விடியப்புறம் 3 மணிக்கு வலையில் செத்த மீன் ஐஸ் இல்லாத வள்ளத்தில் 8 மணிக்குக் கரை சேர்ந்தால், அந்த 6 இல் 5 ஏற்கெனவே போய்விட்டது. சம்மாட்டியோடு (படகு, வலை முதலாளி) விலை பேசுவதற்கு முன் வலை எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை மணிக்கு இழுத்தது என்று கேட்பது இதற்காகத்தான். படகிலேயே ஐஸ் வைத்திருக்கும் ஆட்களுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டம் வராது.

கரையில் குளிராக்க நல்ல வழி ஐஸும் உப்புத் தண்ணீரும் கலந்த தொட்டி. 1000 லீற்றர் காப்புத் தொட்டியில் நாங்கள் போடும் அளவு: மீன் 350 கிலோ, உடைத்த ஐஸ் 300 கிலோ, தண்ணீர் 250 லீற்றர். பலர் ஐஸைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள், அங்கேதான் பிழை நடக்கிறது. 250 லீற்றர் தண்ணீர் தானே குளிர்வதற்கு 80 கிலோவுக்கு மேல் ஐஸ் தின்னும். மீனுக்கு இன்னும் 105 கிலோ. ஆக 190 கிலோ உருகிய பிறகு மிஞ்சும் 110 கிலோதான் பகல் முழுக்கத் தாங்கும். முதலில் தண்ணீரும் ஐஸும் போட்டுக் கலக்கி, தேர்மோமீற்றர் பூச்சியத்துக்கு வந்த பிறகு மீனை இறக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை துடுப்பால் அடியிலிருந்து கிளற வேண்டும். உருகி வரும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும், ஐஸும் மேலே போய்விடும்; அடியில் கிடக்கும் மீன் சூடாகவே இருக்கும். மேல் தண்ணீரில் கையை விட்டு ‘நல்ல குளிர்’ என்று சொல்லிவிட்டுப் போவது பெரிய ஏமாற்று.

துறைமுகத்துக்குள் அள்ளிய தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. டீசலும் கழிவும் கலந்த தண்ணீர் அது. நல்ல கடல் தண்ணீர் கிடைக்காவிட்டால் குடிதண்ணீரில் 250 லீற்றருக்கு ஏழரைக் கிலோ உப்புப் போட்டால் போதும். இரத்தம் கலங்கிய தண்ணீரை அடுத்த தொகுதி மீனுக்குப் பாவிப்பது ஐஸை மிச்சம் பிடிக்கிற மாதிரித் தெரியும். முதல் மீனில் இருந்த பக்டீரியா முழுவதையும் இரண்டாவது மீனுக்குப் பூசுகிற வேலை அது.

அரைக் கிலோ மீன் ஒரு மணித்தியாலத்தில் குளிர்ந்துவிடும். 4 கிலோ அறக்குளாவுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் விட வேண்டும். 40 கிலோ கெலவல்லா ஒரு பகலில் நடுவரை குளிராது. சின்ன மீனைத் தேவைக்கு மேல் தொட்டியில் விட்டால் கண் வெளுத்து உப்பும் ஏறும். குளிர்ந்ததும் எடுத்து ஐஸில் அடுக்கிவிட வேண்டும்.

இனித் தேர்மோமீற்றர். துவக்கு மாதிரிப் பிடித்துக் காட்டும் கருவி இங்கே உதவாது. அது மீனின் தோலையும் தோலில் ஓடும் ஐஸ் தண்ணீரையும்தான் படிக்கும். ஊசி உள்ளது வேண்டும். முதுகுச் செட்டைக்குப் பின்னால், மீனின் ஆகத் தடித்த இடத்தில் குத்தி, ஊசி நுனி முள்ளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்வரை இறக்கி, இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். தோலில் 1 பாகை காட்டிய கெலவல்லா முள்ளடியில் 14 காட்டுவது ஒன்றும் புதினமில்லை. கருவி சரியா என்று பார்க்க, ஒரு கோப்பையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, நாலு நிமிடம் ஊசியை நடுவில் பிடித்துப் பாருங்கள். பூச்சியத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகினால் வேறு கருவி எடுங்கள். முள்ளடியில் 4 பாகைக்கு மேல் உள்ள எதையும் பெட்டியில் அடுக்கக் கூடாது. 2 என்றால் மனம் ஆறும்.

பெட்டி அடுக்குவது கைப்பழக்கம். 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம், ஒரு அங்குலத் தடிப்பு உள்ள றெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டியில் 25 கிலோ மீனும் 12 முதல் 15 கிலோ ஐஸும் போகும். வெளியே 30 பாகை என்றால், 8 மணித்தியாலத்தில் சுவரால் வரும் சூடு 4 முதல் 5 கிலோ ஐஸை உருக்கும். குளிர்ந்த மீனை அடுக்கியிருந்தால் இறக்கும்போது 7 கிலோவாவது மிஞ்சும். சூடான மீனை அடுக்கியிருந்தால் அதைக் குளிராக்கவே ஏழரைக் கிலோ போய்விடும்; 12 கிலோ போட்டிருந்தால் பேலியகொடை சேரும்போது பெட்டிக்குள் தண்ணீரும் மீனும்தான். ‘ஐஸ் போதுமான அளவு போட்டுத்தானே அனுப்பினேன்’ என்ற வழமையான சண்டைக்கு மூல காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடியில் 5 சென்ரிமீற்றர் ஐஸ், பிறகு மீன் ஒரு வரி, மேலே ஐஸ். ஆனால் சூடு வருவது சுவரால். ஆகவே மீன் பெட்டிச் சுவரில் முட்டக் கூடாது. நான்கு பக்கமும் ஒரு விரல் தடிப்புக்காவது ஐஸ் இறங்க வேண்டும். குடல் எடுத்த பெரிய மீனென்றால் வயிற்றுக்குள்ளும் செவுளுக்குள்ளும் ஐஸ் அடைத்து, வயிற்றில் தண்ணீர் தேங்காதபடி குப்புற வைக்க வேண்டும். ஐஸ் கட்டியை மெஷினில் உடைத்து 2 சென்ரிமீற்றருக்குள் கொண்டுவாருங்கள். கோடாலியால் கொத்திய பெரிய துண்டுகள் மீனைச் சில இடத்தில் மட்டும் தொடும், கூரான விளிம்பு அறக்குளாவின் தோலைக் கிழிக்கும். கிழிந்த அறக்குளாவுக்குப் பேலியகொடையில் யாரும் முழு விலை சொல்லமாட்டார்கள். அடியில் வடிகால் ஓட்டை இருக்க வேண்டும், அதை அடைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். லொறித் தளம் நனைகிறது என்று அடைப்பார்கள். இரத்தத் தண்ணீரில் ஊறிய அடிவரி மீன் விடியும்போது நாறும். ஐஸுக்கு மேல் மரத்தூள் தூவுகிற பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். நனைந்த சாக்கும் மேலே ஒரு தறப்பாளும் போதும்.

லொறியைப் பொறுத்தவரை, ஏற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே கூலரைப் போட்டு வெறும் பெட்டியைக் குளிரவிட வேண்டும். வெயிலில் நின்ற லொறியின் சுவரும் தளமும் சேமித்து வைத்திருக்கும் சூடு முதலில் போகட்டும். கூலரை 0 முதல் 2 பாகைக்குள் வையுங்கள். ‘குறைத்து வைத்தால் இன்னும் நல்லம்தானே’ என்று கழித்தல் 5 இல் வைக்கிறவர்கள் உண்டு. ஐஸ் உருகினால்தான் மீனைத் தழுவிக் குளிராக்கும். உருகாத ஐஸ் வெறும் கல். அதோடு மீன் கழித்தல் 1, 2 பாகையில் மெதுவாக உறையத் தொடங்கிவிடும். மெதுவாக உறைந்த சதைக்குள் பெரிய ஐஸ் பளிங்குகள் வளர்ந்து இழையைக் குத்திப் பிரிக்கும். அது இளகும்போது தண்ணீர் வடிந்து சதை மாவாகும். உறைந்த இறாலுக்குக் கழித்தல் 18 வேண்டும். அதையும் ஐஸ் மீனையும் ஒரே லொறியில் ஏற்ற முடியாது. இரண்டில் ஒன்று கெடும்.

பெட்டிகளைக் கூரை வரை அடுக்கக் கூடாது. கூலர் காற்று மேலால் போய்க் கதவடியால் இறங்கித் தளத்தோடு திரும்பி வர வழி வேண்டும். மேலே ஒரு சாண், சுவரோரம் நாலு விரல், கீழே பலகைச் சட்டம். வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கூலர் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டால் அழகான இலக்கம் கிடைக்கும், பயன் இராது. லொறியில் ஆகச் சூடான இடம் கதவுக்குப் பக்கம் மேல் மூலை. அங்கே ஒன்று, நடுப்பெட்டி ஒன்றின் மீனுக்குள் ஊசி போட்டு இன்னொன்று.

வழியில் கெடுவது நிற்கும் இடங்களில். சின்ன லொறிகளில் கூலரின் கொம்பிரசர் லொறி எஞ்சினிலேயே ஓடும். ஹபரணையில் தேத்தண்ணிக்கு இறங்கிய சாரதி டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தினால் கூலரும் நிற்கும். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இரவில் யானை வீதியில் நிற்கும். அது விலகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். கதவைத் திறந்து ‘மீன் எப்படி இருக்கு’ என்று பார்க்கிற ஆசையை அடக்க வேண்டும். ஈரக் காற்று உள்ளே போய்க் கூலரின் சுருளில் உறைந்து படியும், அதைக் கரைக்கக் கூலர் தன்னைத்தானே நிறுத்தும், அந்த நேரம் உள்ளே குளிர் இல்லை. பார்க்க வேண்டியதைப் பதிவுக் கருவியின் திரையில் பார்க்கலாம்.

பேலியகொடையில் வாங்குபவர் மேல்வரியை விட்டு அடிப்பெட்டியைத்தான் திறக்கச் சொல்வார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், முதுகைப் பெருவிரலால் அமத்துவார். அதற்கு முன்பே நீங்கள் நடுப்பெட்டி மீனில் ஊசி போட்டு இலக்கத்தையும் நேரத்தையும் பில்லின் பின்பக்கம் எழுதி, சாரதியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து ‘உங்கள் மீன் கெட்டது’ என்று தொலைபேசி வந்தால், ஏற்றும்போது 2, இறக்கும்போது 3 என்ற அந்தத் தாளை வைத்துத்தான் பேச வேண்டும்.

திரும்பி வரும் வெறும் பெட்டிகளைப் பேலியகொடையிலேயே கழுவி, குளோரின் தண்ணீர் விட்டு அலசி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து ஏற்ற வேண்டும். மூடிய ஈரப்பெட்டி கொட்பே வந்து சேரும்போது அடுத்த மீனுக்கான நாற்றத்தோடு வரும். வெறுமனே வருவானேன் என்று தம்புள்ளையில் மரக்கறி ஏற்றும் சாரதிகள் உண்டு. ஏற்றுவதானால் லொறியைக் கழுவிக் காயவிட்டு ஏற்றட்டும். இல்லாவிட்டால் சந்தையில் கரட் வாங்குகிற அக்கா முதலில் முகர்ந்து பார்ப்பா, பிறகு எந்த லொறியில் வந்தது என்று கேட்பா.